இரட்டைப் பூட்டும் மாற்றுச் சாவியும்

சங்கமொன்றைப் பார்வையிடச் செல்லும்போது நாம் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "பெட்டகத்தின் சாவிகள் யார் யாரிடம் இருக்கின்றன?" என்பதாகும். நகைக் கடன் வழங்கும் சங்கங்களில் பெட்டகத்திற்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒரு சாவி காரியதரிசியிடமும், மற்றொன்று காசாளரிடமும் இருக்கும். இருவரும் கூடினாலன்றிப் பெட்டகம் திறவாது. அவ்விரு சாவிகளுக்கும் மாற்றுச் சாவிகள் உண்டு. அவை முத்திரையிட்ட உறையில் வங்கியின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டு, அதற்குரிய ரசீது சங்கத்தின் கோப்பில் இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டின் நன்மையை நம் அங்கத்தினர்களுக்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் இன்று சங்கத்தின் செல்வம் முழுவதும் அந்த இரும்புப் பெட்டகத்திற்குள் இல்லை. வங்கிக் கணக்கு, ஜி.எஸ்.டி. கணக்கு, சரக்கு அனுப்புவதற்கான இ-வே பில் கணக்கு, கொள்முதல் ஆணைகள் வந்து சேரும் மின்னஞ்சல் ஆகிய இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பெட்டகங்கள். இவற்றுக்கும் இரட்டைப் பூட்டு உண்டு. முதற் பூட்டின் சாவி கடவுச்சொல். இரண்டாம் பூட்டின் சாவி கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண். "கைப்பேசி தொலைந்துவிட்டால் இரண்டாம் பூட்டைத் திறப்பது எங்ஙனம்? அதன் மாற்றுச் சாவி எங்கே?" என்று கேட்டால், நாம் சென்ற சங்கங்கள் பலவற்றில் விடை கிடைப்பதில்லை. அவ்விடையைத் தேடுவதே இப்பாடத்தின் நோக்கம்.

ஒரு சங்கத்தில் நிகழ்ந்தது

2025-ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்தில் நெசவாளர் சங்கம் ஒன்றில் நாம் நேரில் கண்டதை முதலில் கூறுகிறோம். தீபாவளி விற்பனைக்காகப் பெங்களூரிலிருந்து வந்த ஆணையின்படி பருத்திச் சேலைகள் நெய்து முடிக்கப்பட்டு, மடித்துக் கட்டப்பட்டு, லாரிக்குக் காத்திருந்தன. வெளிமாநிலத்திற்குச் செல்லும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைக் கடந்தால் வண்டி புறப்படுமுன் இ-வே பில் எழுதியாக வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே செல்லும் சரக்காயின் அவ்வரம்பு 1,00,000 ரூபாய். இந்த இ-வே பில் கணக்கிற்குள் நுழைவதற்குக் கடவுச்சொல்லோடு ஓ.டி.பி. எண்ணும் வேண்டும் என்ற விதி, முதலில் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் இருந்து, 2025 ஏப்ரல் 1 முதல் சிறியோர் பெரியோர் அனைவருக்கும் உரியதாயிற்று.

அந்தச் சங்கத்தின் காரியதரிசி வங்கியிலிருந்து திரும்பும் வழியில் பேருந்தில் சங்கத்தின் கைப்பேசியைத் தொலைத்துவிட்டார். கடவுச்சொல் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஓ.டி.பி. எண்ணோ எங்கோ ஒருவர் கையிலிருந்த கைப்பேசிக்குச் சென்றது. "அதனாலென்ன? அதே எண்ணுக்கு வேறு சிம் அட்டை வாங்கிவிடலாம்" என்று புறப்பட்டார். அங்கேதான் உண்மை வெளிப்பட்டது. அந்த எண், முன்னர் ஓய்வு பெற்ற காரியதரிசியின் சொந்தப் பெயரில் இருந்தது. அவரோ தொலைவிலுள்ள மகள் வீட்டில் நோய்ப்படுக்கையில் இருந்தார். எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர் தம் அடையாளத்தை மெய்ப்பித்தாலன்றி மறு சிம் கொடுப்பதற்கில்லை என்று கைப்பேசி நிறுவனத்தார் கூறியது முறையேயாகும்.

முடிவில் சங்கத்திற்குக் கைகொடுத்தது ஒரே ஒரு பதிவு. ஜி.எஸ்.டி. பதிவேட்டில் சங்கத் தலைவரின் பெயரும் பொறுப்பாளராகச் சேர்க்கப்பட்டிருந்தது. அவர் தம் அடையாளச் சான்றுகளோடும் நிர்வாகக் குழுவின் தீர்மானத்தோடும் வரி அலுவலரிடம் சென்று விண்ணப்பித்தார். அலுவலர் பதிவேட்டைச் சரிபார்த்து, புதிய கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் ஏற்றி, தற்காலிகக் கடவுச்சொல் வரச் செய்தார். அந்த எண் பின்னர் இ-வே பில் தளத்திலும் பதியப்பட்டது. இவ்வளவும் முடிய 11 நாட்கள் ஆயின. அதற்குள் பெங்களூர் வணிகர் பாதிச் சரக்கை வேறிடத்தில் வாங்கிவிட்டார். பண்டிகைக்கு முன் கிடைத்திருக்க வேண்டிய கூலி, பண்டிகை கழிந்த பிறகே அங்கத்தினர் கைக்குச் சென்றது. சங்கத்தின் திண்ணையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எம்மைப் பார்த்து, "நாடா ஓடிச்சு, வண்டி ஓடலையே ஐயா" என்றார். அதற்கு மறுமொழி கூற எம்மால் இயலவில்லை.

அந்தச் சங்கத்தில் களவு நிகழவில்லை, கையாடலும் இல்லை, கணக்கில் ஒரு காசு குறையவில்லை. குறைந்தது மாற்றுச் சாவி ஒன்றே.

இரண்டாம் பூட்டின் தன்மை

இரண்டாம் சாவி மூன்று வடிவங்களில் வருகிறது. அவற்றின் வேறுபாட்டை அறிந்தால்தான் தொலைந்தபோது எந்த வழியில் செல்வது என்பது விளங்கும்.

முதலாவது, குறுஞ்செய்தியாக வரும் ஓ.டி.பி. இது கைப்பேசிக் கருவியைச் சார்ந்ததன்று. சிம் அட்டையின் எண்ணைச் சார்ந்தது. கருவி உடைந்தாலும் சிம் அட்டை பிழைத்திருந்தால், அதனை வேறு கருவியில் இட்டவுடன் ஓ.டி.பி. வரும்.

இரண்டாவது, ஆத்தென்டிகேட்டர் எனப்படும் செயலி காட்டும் எண். இது சிம் அட்டையைச் சார்ந்ததன்று. கருவியினுள் உள்ள இரகசியத்தைச் சார்ந்தது. கணக்கை முதன்முதலில் இணைக்கும்போது திரையில் தோன்றும் கட்டப் படத்தை நாம் படம் பிடிக்கிறோம் அல்லவா? அப்படத்தினுள் ஓர் இரகசிய எண் அடங்கியுள்ளது. அவ்வெண்ணையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, 30 விநாடிக்கு ஒரு முறை 6 இலக்க எண் ஒன்றைச் செயலி காட்டுகிறது. மறுமுனையிலுள்ள கணினியும் அதே கணக்கைப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆதலின் இதற்குச் சிக்னல் தேவையில்லை. கைப்பேசியின் கடிகாரம் சரியாக இருந்தால் போதும். எண் சரியாயிருந்தும் கணக்கு திறவாவிடில் முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இ-வே பில்லுக்கென உள்ள ஷீல்டு என்னும் செயலியும் இவ்வகையினதே. இவ்வகையில் கருவி தொலைந்தால் இரகசியமும் உடன் போகக் கூடும். மறு சிம் வாங்குவதால் மட்டும் அது திரும்பாது.

மூன்றாவது, மாற்றுக் குறியீடுகள். இவையே நாம் தேடும் மாற்றுச் சாவிகள். எடுத்துக்காட்டாக, கூகுள் மின்னஞ்சல் கணக்கில் கேட்டுப் பெற்றால், 8 இலக்கமுள்ள 10 எண்கள் ஒரு பட்டியலாகக் கிடைக்கும். ஒவ்வொன்றையும் ஒரு முறையே பயன்படுத்தலாம். புதிய பட்டியல் கேட்டுப் பெற்றால் பழைய பட்டியல் செல்லாததாகிவிடும். காகிதத்தில் அச்சிட்டுப் பாதுகாத்தால் கைப்பேசி, சிம் அட்டை இரண்டும் போனபோதும் இவை கதவைத் திறக்கும்.

தொலைந்தவுடன் செய்ய வேண்டியவை

கைப்பேசி தொலைந்தது தெரிந்தவுடன் பலர் செய்வது, அவ்வெண்ணுக்கே மீண்டும் மீண்டும் அழைத்துப் பார்ப்பது. ஓரிரு முறை அழைப்பதில் தவறில்லை. அதிலேயே அரை நாளைக் கழிப்பது தவறு. கீழ்க்காணும் வரிசையில் காரியங்களைச் செய்தல் வேண்டும்.

1. வங்கிக் கிளைக்கு உடனே அறிவித்து, அந்தக் கைப்பேசி வழியாக நடக்கும் பண வரவு செலவை நிறுத்தி வைக்கச் செய்ய வேண்டும். பிறகு எழுத்து மூலமும் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும்.

2. கைப்பேசி நிறுவனத்திற்கு அறிவித்து சிம் அட்டையைச் செயலற்றதாக்க வேண்டும்.

3. வேறு கணினியில் மின்னஞ்சல் திறந்திருக்குமாயின், அதை மூடிவிடாமல், அதிலிருந்தே தொலைந்த கருவியைக் கணக்கிலிருந்து நீக்கி, கடவுச்சொல்லை மாற்றி, புதிய மாற்றுக் குறியீடுகளையும் எடுத்துவிட வேண்டும். திறந்துள்ள கதவு பெரும் பேறு. பதற்றத்தில் கணினியை அணைத்துவிட்டுப் பின்னர் வருந்தியவர்களை நாம் அறிவோம்.

4. காவல் நிலையத்தில் முறையீடு கொடுத்து அதன் நகலைப் பெற வேண்டும்.

5. எண் யார் பெயரில் உள்ளதோ அவர் நேரில் சென்று மறு சிம் பெற வேண்டும். மறு சிம் கிடைத்த பிறகும் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது, போகாது. இது பழுதன்று, விதி. யு.பி.ஐ. செயலியைப் புதிய கருவியில் பதியும்போது அது நம் எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பிப் பார்ப்பதால், அதுவும் அந்த 24 மணி நேரம் கழிந்த பிறகே கைகூடும்.

6. குறுஞ்செய்தி வரத் தொடங்கியபின், மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதத்தில் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தின் வழியே, தொலைந்த கருவியை எந்த சிம் அட்டை இட்டாலும் இயங்காதபடி முடக்கலாம். காவல் நிலைய முறையீட்டின் நகலும், கருவியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் இதற்கு வேண்டும். கருவி கையிலிருக்கும்போதே \*#06# என்று அழுத்தினால் அவ்வெண் திரையில் தோன்றும். அதைச் சங்கத்தின் சொத்துப் பதிவேட்டில் இன்றே எழுதி வைத்தல் நலம்.

கணக்குக்குக் கணக்கு வழி

மேற்சொன்னவை எல்லாக் கணக்குகளுக்கும் பொது. இனி ஒவ்வொரு கணக்குக்கும் உரிய வழியைக் காண்போம்.

சங்கத்தின் வங்கிக் கணக்கு. இங்கே மாற்றுச் சாவி நிர்வாகக் குழுவின் தீர்மானமே. பழைய எண்ணை நீக்கிப் புதிய எண்ணைப் பதியுமாறு தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலையும் கையொப்பமிட அதிகாரம் பெற்றவர்களின் சான்றுகளையும் கிளையில் கொடுக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. கணக்கு. பதிந்த எண்ணும் மின்னஞ்சலும் இரண்டுமே கைவிட்டுப் போனால், முன்னர் கூறியபடி வரி அலுவலரை அணுகுவதே வழி. விண்ணப்பிப்பவரின் பெயர் பதிவேட்டில் பொறுப்பாளராகவோ கையொப்ப அதிகாரம் பெற்றவராகவோ இருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். ஓய்வு பெற்றவர், விலகியவர், காலமானவர் ஆகியோரின் பெயர்களே பதிவேட்டில் இருக்குமாயின் விண்ணப்பிக்க ஆளில்லாமற் போகும்.

இ-வே பில் கணக்கு. இக்கணக்கில் சங்கம் துணைப் பயனர்களை நியமித்துக்கொள்ளலாம். துணைப் பயனருக்குத் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல், தனிக் கைப்பேசி எண். ஓ.டி.பி. அவருடைய எண்ணுக்கே வரும். மேலே கூறிய சங்கத்தில் கணக்கர் துணைப் பயனராக இருந்திருப்பாரேயானால், காரியதரிசியின் கைப்பேசி தொலைந்த அன்று மாலையே லாரி புறப்பட்டிருக்கும். மேலும், சரக்கை ஏற்றிச் செல்லும் போக்குவரத்து நிறுவனமே சங்கத்தின் அனுமதி பெற்று இ-வே பில் எழுதவும் விதியில் இடமுண்டு. அன்று அங்கிருந்த ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. அறியாமையின் விலை பாதிச் சரக்கு.

மின்னஞ்சல் கணக்கு. கூகுள் கணக்காயின், கடவுச்சொல் இட்டபின் ஓ.டி.பி. கேட்குமிடத்தில் 'வேறு வழியில் முயல்க' என்ற பொருளில் ஓர் இணைப்பு இருக்கும். மாற்றுக் குறியீடு இருந்தால் அங்கே இடலாம். அது இல்லையாயின் கணக்கு மீட்புப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதை வழக்கமாகப் பயன்படுத்திய கணினியிலிருந்தும், வழக்கமான இடத்திலிருந்தும் செய்தல் நலம். ஏனெனில் அந்நிறுவனம் பார்ப்பது, கதவைத் தட்டுபவர் வழக்கமாக வருபவர்தானா என்பதையே. கேள்விகளைத் தாண்டிச் செல்லாமல், நினைவுக்கு எட்டியவரை ஒவ்வொன்றுக்கும் விடையளிக்க வேண்டும். முடிவு தெரியச் சில நாட்கள் ஆகலாம்.

உழவரின் கணக்குகள். பயிர் செய்யும் அங்கத்தினர்களுக்கு ஆண்டொன்றுக்கு 2,000 ரூபாய் வீதம் 3 தவணைகளில் 6,000 ரூபாய் வழங்கும் பி.எம். கிசான் திட்டத்தில் இ-கே.ஒய்.சி. செய்வது கட்டாயம். ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண் போய்விட்டது, ஆகவே தவணையும் போய்விட்டது என்று சிலர் சோர்ந்திருப்பதைக் கண்டோம். அச்சோர்வு தேவையற்றது. ஓ.டி.பி. வழியன்றி, பொதுச் சேவை மையத்தில் விரல் ரேகை வைத்தும், அத்திட்டத்தின் செயலியில் முகத்தைக் காட்டியும் இதனைச் செய்ய இயலும். ஆதாரில் புதிய எண்ணைச் சேர்க்க ஆதார் மையத்திற்கு நேரில் சென்றால் போதும். விரல் ரேகையே சான்றாதலின், பழைய எண் கையில் இருக்க வேண்டுவதில்லை.

வாட்ஸ்அப். பலர் நெசவு மாதிரிகளையும் விலை விவரங்களையும் இதிலேயே பரிமாறுகின்றனர். இதில் 6 இலக்க இரகசிய எண் வைத்து அதை மறந்துவிட்டால், மின்னஞ்சல் முகவரி முன்பே கொடுத்திருப்பவர் அதன் வழியே மீளலாம். கொடுக்காதவர் 7 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

தாமதம் ஏன்?

"நமக்குச் சொந்தமான கணக்கில் நாம் நுழைய இத்தனை தடையா?" என்று அங்கத்தினர்கள் சினந்து கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சாவியைத் தொலைத்த உரிமையாளர் எந்த வாசல் வழியே வருகிறாரோ, அதே வாசல் வழியேதான் திருடனும் வருவான். அவனும் "என் கைப்பேசி தொலைந்துவிட்டது" என்றே கூறுவான். நம் பெயரில் போலிச் சான்று காட்டி மறு சிம் வாங்கி, ஓ.டி.பி. எண்ணைத் தன் கைக்கு வரச் செய்து, கணக்கைக் காலி செய்த மோசடிகள் நம் நாட்டில் பல நிகழ்ந்துள்ளன. மறு சிம்முக்கு 24 மணி நேரம் குறுஞ்செய்தி நிறுத்தப்படுவதும், சிம் மாற்றிய 7 நாட்களுக்குள் எண்ணை வேறு நிறுவனத்திற்கு மாற்ற முடியாது என்று 2024 ஜூலை 1 முதல் விதிக்கப்பட்டிருப்பதும் இதனைத் தடுக்கவே. அந்த இடைவேளையில் உண்மை உரிமையாளர் தம் கைப்பேசியில் சிக்னல் திடீரென அற்றுப்போனதைக் கண்டு விழித்துக்கொள்ளலாம். காரணமின்றிச் சிக்னல் மறைந்து நெடுநேரம் திரும்பாவிடில், அதனை அலட்சியம் செய்யாது உடனே விசாரிக்க வேண்டும்.

ஆகவே தாமதம் நமக்குப் பகையன்று. நம் வாசற் காவலன். காவலன் நம்மை அடையாளங்கண்டு விரைவில் உள்ளே விடும்படி முன்னேற்பாடு செய்வதே நம் கடமை.

அவசரத்தில் வரும் ஆபத்து

மேலே கூறிய சங்கத்திலேயே இரண்டாம் ஆபத்து ஒன்றும் நெருங்கி வந்தது. பதற்றமுற்ற கணக்கர் உதவி எண் வேண்டி இணையத்தில் தேடினார். அங்கே கிடைத்த எண்ணில் பேசியவர் மிக்க மரியாதையுடன், "ஒரு செயலியை உங்கள் கைப்பேசியில் ஏற்றுங்கள், நான் இங்கிருந்தே சரிசெய்து தருகிறேன்" என்றார். கணக்கரின் திரையை அவர் அங்கிருந்தே பார்ப்பதற்கான செயலி அது. தலைவர் அருகிலிருந்து தடுத்திராவிடில், சேலைகள் தேங்கியதோடு வைப்புத் தொகையும் போயிருக்கும்.

ஓ.டி.பி. எண்ணைக் கேட்கும் உரிமை வங்கிக்கும் இல்லை, அரசு அலுவலருக்கும் இல்லை, கூட்டுறவு இன்ஸ்பெக்டருக்கும் இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு கணக்கை மீட்டுத் தருவதாகக் கூறுவோரை நம்புதல் கூடாது. உதவி எண்ணை வங்கிப் புத்தகத்திலோ அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ மட்டுமே பார்த்தெடுக்க வேண்டும். ஏமாந்து பணம் போய்விட்டது தெரிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் அக்கணமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்குக் கைமாறிக்கொண்டேயிருக்கும். முந்தி அறிவித்தால் வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

தொலையுமுன் செய்ய வேண்டியவை

இப்பாடத்தின் சாரம் இப்பகுதியே. தொலைந்தபின் செய்வன எல்லாம் முன்னேற்பாட்டின் அளவுக்கே பலன் தரும்.

முதலாவதாக, ஓ.டி.பி. வரும் எண் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரில் இணைப்புப் பெறவும், அதைப் பயன்படுத்துவோரின் அடையாளத்தைப் பதியவும் முறை உண்டு. காரியதரிசி மாறும்போது பெட்டகச் சாவியைப் போலவே அந்தக் கைப்பேசியும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் இடம்பெற வேண்டும். அவ்வெண்ணுக்குக் காலந்தவறாது ரீசார்ஜ் செய்வதும் அவசியம். 90 நாட்கள் யாதொரு உபயோகமுமின்றிக் கிடக்கும் எண் நிறுத்தப்படக் கூடும். பின்னர் வேறொருவருக்கு அளிக்கப்படவும் கூடும். நம் சாவியை நாமே தெருவில் எறிவதற்கு ஒப்பாகும் அது.

இரண்டாவதாக, ஒவ்வொரு கணக்கிலும் இருவர் பெயரேனும் பதிவாகியிருக்க வேண்டும். ஒருவர் காரியதரிசியாயின் மற்றொருவர் தலைவராகவோ நிர்வாகக் குழுவினராகவோ இருக்கலாம். துணைப் பயனர் வசதி உள்ள இடத்தில் அவரவர்க்குத் தனிக் கடவுச்சொல் வேண்டும். ஒரே கடவுச்சொல்லை நால்வர் பகிர்ந்துகொள்வது வசதியன்று. பிழை நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று அறிய முடியாத நிலை.

மூன்றாவதாக, மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு, உறையிலிட்டு, முத்திரை வைத்து, இருவர் கையொப்பமிட்டு, இரட்டைப் பூட்டுள்ள பெட்டகத்தில் வைக்க வேண்டும். உறையைத் திறந்தால் யார், எப்போது, எதற்காகத் திறந்தார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். இக்குறியீடுகளைப் படம் பிடித்துக் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்வோர் உளர். அது பெட்டகத்தின் மாற்றுச் சாவியைப் பெட்டகத்திற்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போலாம். கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதிக் கைப்பேசி உறையினுள் செருகி வைப்போரோ, இரண்டு சாவிகளையும் ஒரே கயிற்றில் கோத்துத் தெருவில் செல்பவராவர்.

நான்காவதாக, ஆண்டுக்கொரு முறை ஒத்திகை பார்க்க வேண்டும். ஒரு நாள் சங்கத்தின் கைப்பேசியை அணைத்து மேசையறையில் வைத்துவிட்டு, மாற்று வழியில் ஒவ்வொரு கணக்கையும் திறக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். திறவாத பூட்டு எது என்பதை நெருக்கடியற்ற நாளிலேயே அறிந்துகொள்வது எளிது.

நிர்வாகக் குழுக்கள் பின்வருமாறு ஒரு தீர்மானம் நிறைவேற்றிக்கொள்ளலாம்:

"சங்கத்தின் கணக்குகள் அனைத்திற்கும் ஓ.டி.பி. பெறும் எண் சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டுமென்றும், ஒவ்வொரு கணக்கிலும் தலைவர், காரியதரிசி ஆகிய இருவரின் பெயரும் பதியப்பட வேண்டுமென்றும், மாற்றுக் குறியீடுகள் முத்திரையிட்ட உறையில் பெட்டகத்தில் வைக்கப்பட வேண்டுமென்றும், பொறுப்பிலிருப்பவர் மாறிய 7 நாட்களுக்குள் எல்லாக் கணக்குகளிலும் பெயர் மாற்றம் செய்யப்பட வேண்டுமென்றும் தீர்மானிக்கப்படுகிறது."

முடிவுரை

கூட்டுறவில் எவரும் தனித்து இன்றியமையாதவரல்லர் என்பதே நம் இயக்கத்தின் அடிப்படை. ஒருவர் நோயுற்றாலும், ஓய்வு பெற்றாலும், கைப்பேசியைத் தொலைத்தாலும் சங்கம் நடைபெற வேண்டும். ஒருவர் சட்டைப் பையில் இருக்கும் கருவியோடு நூற்றுக்கணக்கான தறிகளின் கூலியைக் கட்டி வைப்பது அக்கொள்கைக்கு முரணானது. அவ்வாறு கட்டி வைத்தவர் நேர்மையற்றவர் என்று நாம் கூறவில்லை. அந்தக் காரியதரிசி நேர்மையாளரே. ஆனால் நேர்மையாளரின் கைப்பேசியும் பேருந்தில் தொலையும்.

இப்பாடத்தைப் படித்து முடித்த அங்கத்தினர்கள் அடுத்த பொதுப் பேரவையில் எழுந்து நின்று ஒரு கேள்வியைக் கேட்பார்களாக: "நம் சங்கத்தின் மாற்றுச் சாவி எங்கே இருக்கிறது?" அதைக் கேட்பது அங்கத்தினரின் உரிமை. விடை சொல்ல ஆயத்தமாக இருப்பது நிர்வாகத்தின் கடமை.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. உங்கள் சங்கத்தில் ஓ.டி.பி. வரும் எண் யார் பெயரில் உள்ளது?

2. சிம் அட்டை தொலைவதற்கும் ஆத்தென்டிகேட்டர் செயலியுள்ள கருவி தொலைவதற்கும் உள்ள வேறுபாடு யாது?

3. மறு சிம் பெற்றபின் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராதிருப்பதால் விளையும் நன்மை என்ன?

4. மாற்றுக் குறியீடுகளைக் கைப்பேசியிலேயே வைப்பது ஏன் தவறு?

5. கைப்பேசி எண்ணை இழந்த உழவர் பி.எம். கிசான் திட்டத்தில் இ-கே.ஒய்.சி. செய்துகொள்ளும் வேறு வழிகள் இரண்டினைக் கூறுக.

6. உங்கள் சங்கத்தின் காரியதரிசி நாளை வர இயலாவிடில், எந்தெந்தக் கணக்கு திறக்கும், எது திறவாது? பட்டியலிட்டு நிர்வாகக் குழுவின் முன் வைக்க.